நாற்றங்காலில் பஞ்சகவ்யா, மீன் அமிலம்: எந்த வயசில், எவ்வளவு?

கரிசல்மேடு (ஒட்டன்சத்திரம் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். ஆடிப்பட்டத்துக்கு அரை ஏக்கர் மிளகாய் வைக்கிறேன். இந்தத் தடவை நாற்றை வெளியில் வாங்காமல் வீட்டிலேயே குழித்தட்டில் விடலாம்னு முடிவு. இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளின்னா 7,260 செடி வேணும். சேதாரத்தையும் சேர்த்து 98 குழித் தட்டு 80 வாங்கி வெச்சாச்சு.

பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர் சேர்த்துப் புளிக்க வெச்ச கரைசல்) ஒரு ட்ரம் தயாரா இருக்கு. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊற வெச்ச மீன் அமிலமும் இருக்கு. நாட்டு மாடு ரெண்டு நிக்குது, அதனால ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்த கரைசல்) வேணும்னா நினைச்ச நேரம் கலக்கிக்கலாம். வளர்ந்த செடிக்கு எவ்வளவு தெளிக்கணும்னு கேட்டா யாரும் சொல்லிடுவாங்க. முளைச்சு வர்ற நாத்துக்கு என்ன அளவுன்னு கேட்டாத்தான் ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. யூரியா, டிஏபி பேச்சு இந்த இழையில் வேண்டாமே.

---

பச்சைத்துண்டு (தாராபுரம்)

இதுல யோசிக்க என்னங்க இருக்கு? இயற்கைக் கரைசல் எதுவுமே செடியைக் கெடுக்காது. விதை போட்ட மூணாம் நாள்ல இருந்து ஜீவாமிர்தத்தை பத்துக்கு ஒண்ணா கலந்து பூவாளியில ஊத்துங்க. முளைச்சதும் வாரம் ரெண்டு தடவை பஞ்சகவ்யா. டேங்குக்கு 500 மில்லி தாராளமா போடலாம். நாத்து கருகருன்னு வரும் பாருங்க.

---

நாற்றுக்கொட்டகை (ராயக்கோட்டை)

பச்சைத்துண்டு அண்ணன் கோவிச்சுக்க வேண்டாம். இந்த அளவை நம்பி 80 தட்டையும் பணயம் வைக்காதீங்க கரிசல்மேடு.

எங்க பக்கம் தக்காளிதான் பிழைப்பு. நிழல்வலைக்குள்ள நாற்று வளர்த்துக் கொடுக்கிறதுதான் என் தொழில். பார்த்த வரைக்கும் சொல்றேன். விதைக்குள்ள இருக்கிற சேமிப்பே விதையிலை விரிஞ்சு நிமிர்ற வரைக்கும் போதும். முதல் நிஜ இலை வர்ற வரைக்கும் வெளியில் இருந்து எந்த ஊட்டமும் தேவையில்லை. அந்த வயசில் வேர்னு சொல்லிக்க ஒரு நூல்தான் இருக்கும். அதுமேல சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்ததை ஊத்தினா, நாத்து குடிக்கிறதுக்கு முன்னாடி பூஞ்சை குடிச்சிடும்.

நீங்க கரைசலைப் பத்தி மட்டும் கேக்குறீங்க. தட்டுக்குள்ள என்ன போடப் போறீங்க? அதைச் சொல்லவே இல்லையே. கலவை சரியில்லாம கரைசலை மட்டும் வெச்சு நாத்தைத் தேத்த முடியாது. முதல்ல அதைச் சொல்லுங்க.

---

கரிசல்மேடு

தென்னை நார்க்கழிவுதான், அண்ணா. பக்கத்துல கயிறு மில்லில் இருந்து வந்தது. மக்க வைக்காதது. கூட மண்புழு உரம் கலக்கலாம்னு இருக்கேன்.

---

நாற்றுக்கொட்டகை

மில்லில் இருந்து நேரா வந்த நார்க்கழிவை அப்படியே தட்டில் போடாதீங்க. உப்பு இருக்கும். ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில ஊற வெச்சு வடிச்சுடுங்க. உப்பளவு காட்டுற இ.சி. மீட்டர் இருந்தா பாருங்க, ஒண்ணுக்குக் கீழ வரணும். மீட்டர் இல்லைன்னா வடியிற தண்ணி காப்பிக் கலர் போய் வெளிறி வர்ற வரைக்கும் அலசுங்க.

அடுத்தது மக்காத நார் தழைச்சத்தை இழுத்துக்கும். நாத்து வெளிறி மஞ்சளா நிக்கும். ஜனங்க அதைப் பார்த்துட்டு "சத்து பத்தலை"ன்னு கரைசல் மேல கரைசலா ஊத்துவாங்க. அங்கதான் வினையே ஆரம்பிக்குது.

---

ஓய்வுபெற்ற தோட்டக்கலை (கோவை)

மேலே சொன்னது சரி. எண்களோடு பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும்.

மக்காத தென்னை நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 112:1 என்ற விகிதத்தில் இருக்கும். சிப்பிக்காளான் வித்து போட்டு மக்க வைத்தபின் அது 24:1 அளவுக்கு இறங்குகிறது. முதல் வகையில் நுண்ணுயிர்கள் தங்கள் பசிக்கே தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாற்றுக்கு விடாது. ஆகவே மக்கிய நார்க்கழிவையே தேடிப் பிடியுங்கள். தட்டுக்கு 1.2 கிலோ என்று வைத்தால் 80 தட்டுக்கு 100 கிலோ போதும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை 300 கிலோ நார்க்கழிவுக்கு வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ, அசோஸ்பைரில்லம் 1 கிலோ, பாஸ்போபாக்டீரியா 1 கிலோ (கடைசி இரண்டும் நுண்ணுயிர் உரங்கள்). உங்களுக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு.

இனி கரைசல்கள். ஜீவாமிர்தம் 200 லிட்டரில் பசுஞ்சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர் என்று கொள்வோம். சாணத்தில் தழைச்சத்து அரை சதத்துக்கு மேல் இராது; அது 50 கிராம். கோமியத்தில் ஒரு சதம் என்று தாராளமாக வைத்தாலும் 100 கிராம். பயறு மாவு 2 கிலோவில் இருந்து இன்னொரு 70 கிராம் வரும். எல்லாம் சேர்ந்து 200 லிட்டருக்குக் கால் கிலோகூட இல்லை. பத்துக்கு ஒன்றாகக் கலந்து ஊற்றினால் லிட்டருக்கு 0.1 கிராம்தான். ஆக ஜீவாமிர்தத்தை உரம் என்று எண்ணிக் கணக்குப் போடுவதே தவறு. அது நுண்ணுயிர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கரைசல். மண்ணும் மக்கும் உள்ள வயலில் அதற்கு வேலை உண்டு. கழுவின நார்க்கழிவு மட்டும் உள்ள தட்டில் அந்த நுண்ணுயிர் எதைத் தின்று எதைக் கொடுக்கும்?

மீன் அமிலம் சற்று வேறு மாதிரி. மீன் கழிவில் புரதம் சுமார் 15 சதம் என்றால் தழைச்சத்து 2.4 சதம். சம எடை வெல்லம் சேர்ப்பதால் பாதியாகி 1.2 சதம். லிட்டருக்கு 5 மில்லி கலந்தால் லிட்டருக்கு 60, 70 மில்லிகிராம் கிடைக்கலாம். அதுவும் புரதம் முழுதும் கரைந்திருந்தால்தான். நாற்றுக்கு உண்மையிலேயே உணவு என்று சொல்லத்தக்கது இந்த வரிசையில் அது ஒன்றே.

---

பச்சைத்துண்டு

ஐயா, எல்லாத்தையும் என்.பி.கே. (தழை, மணி, சாம்பல் சத்து) தராசில வெச்சு நிறுத்தா இயற்கை விவசாயமே வேண்டாம்னு ஆயிடும். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா போய் அமிர்தக் கரைசல் கலக்கிக் காட்டினப்ப என்.பி.கே. கணக்கா சொன்னாரு? மண்ணை உயிர்ப்பிக்கணும்னாரு. எங்க தோட்டத்துல பாத்தி நாத்துக்கு ஜீவாமிர்தம்தான். அழுகலும் இல்லை ஒண்ணும் இல்லை.

---

ஓய்வுபெற்ற தோட்டக்கலை

நீங்கள் சொன்ன ஒரு சொல்லில் விடை இருக்கிறது: பாத்தி. மேட்டுப்பாத்தியில் மண் உண்டு, தொழுவுரம் உண்டு, ஏற்கெனவே குடியிருக்கும் ஆயிரம் உயிர் உண்டு. ஊற்றுவது பரவி இறங்கிவிடும். உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. குழித்தட்டில் ஒரு நாற்றுக்குக் கிடைப்பது ஒரு கைப்பிடிக்கும் குறைவான கலவை. அதில் ஊற்றியது பரவி இறங்க இடம் இல்லை.

இன்னொன்று. ஜீவாமிர்தம் 48 மணி நேரத்தில் தயார் என்கிறோம். அதற்குள் வெல்லம் முழுதும் கரைந்து தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் சர்க்கரை நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் தீனி. அமெரிக்காவில் கம்போஸ்ட் வடிநீரை வைத்து வெள்ளரி நாற்றில் பார்த்தார்கள். கடற்பாசியும் ஹியூமிக் அமிலமும் சேர்த்து வடித்தது நாற்றழுகலை ஓரளவு நிலையாக அடக்கியது. மொலாசஸ் (கரும்புச் சக்கைப்பாகு) சார்ந்த ஊட்டம் சேர்த்தது அப்படி அடக்கவில்லை. மிஞ்சிய ஊட்டமே குறுக்கே நிற்கிறது என்றுதான் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

---

மொட்டைமாடி மல்லிகா (சென்னை)

நடுவுல புகுந்து கேக்குறேன், மன்னிக்கணும். தக்காளியும் கத்திரியும் முளைச்சு ரெண்டு இலை விட்டுச்சு. நாலஞ்சு நாள் கழிச்சுப் பார்த்தா அடித்தண்டு நூலாட்டம் இளைச்சு அப்படியே சாய்ஞ்சு கிடக்கு. இலை பச்சையாத்தான் இருக்கு. பூச்சி எதுவும் இல்லை. கடையில் வாங்கின பஞ்சகவ்யா தெளிச்சிட்டிருந்தேன். அதுதான் காரணமா?

---

நாற்றுக்கொட்டகை

அக்கா, மண் மட்டத்துல தண்டு தண்ணி கோத்த மாதிரி ஆகி இளைச்சு சாயுதுன்னா அது நாற்றழுகல். பித்தியம்னு பூஞ்சை மாதிரி ஒரு கிருமி. சாய்ஞ்சது திரும்ப எழாது, சுத்தி இருக்கிற கலவையோட சேர்த்து எடுத்துக் கொட்டிடுங்க. பஞ்சகவ்யா மேல மட்டும் பழி போட முடியாது. ஈரம் நின்னா போதும், அது தானா வரும். எத்தனை மணிக்கு தண்ணி ஊத்துறீங்க?

---

மொட்டைமாடி மல்லிகா

ஆபீஸ்ல இருந்து வந்து ராத்திரி எட்டு மணிக்குத்தான்.

---

நாற்றுக்கொட்டகை

அதான். காலையில் ஊத்துங்க, சாயங்காலத்துக்குள்ள மேல்மண் உலர்ந்திடணும். விதையை நெருக்கமா தூவாதீங்க. அடுத்த தடவை விதைக்கும்போது கலவையிலேயே டிரைக்கோடெர்மா விரிடிங்கிற நல்ல பூஞ்சையைச் சேர்த்திடுங்க. விதைநேர்த்திக்குன்னா கிலோவுக்கு 4 கிராம். உங்களுக்கு ஒரு சிட்டிகை போதும். சூடோமோனாஸ்ங்கிற நல்ல பாக்டீரியா தனியா வேணும்னா கிலோவுக்கு 10 கிராம். மெட்ரோ தண்ணின்னா ஒரு ராத்திரி வாய் திறந்த பக்கெட்டில் வெச்சிருந்து ஊத்துங்க, குளோரின் கொஞ்சம் போயிடும். உயிருள்ளதைக் கலந்து ஊத்துறப்ப இது முக்கியம்.

கடை பஞ்சகவ்யா பத்தி: பாட்டிலைத் திறந்தா புளிப்பும் பழவாடையும் வரணும். சாக்கடை நாத்தம் அடிச்சா வேலைக்கு ஆகாது.

---

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

வணக்கம். இஞ்சை 2021 மே மாதம் ரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தவை, நவம்பரில திரும்ப எடுத்தவை. அந்த இடைக்காலத்தில எல்லாரும் பரலும் (ட்ரம்) சாக்குமா நிண்டம். வெங்காயக்காரருக்கு அது பெரிய அடி, அதைப் பற்றி இஞ்சை கதைக்கேல்லை. ஆனா நாற்றுக்கு எண்டு பார்த்தா நாங்கள் பழைய ஒரு முறையைத் திரும்பப் பிடிச்சனாங்கள், இண்டைக்கும் விடேல்லை.

கிளிசரியா இலை. உங்கட பக்கம் கிளைரிசிடியா எண்டு சொல்லுவினம். இலையைக் காம்போட ஒடிச்சுச் சாக்கில அடைஞ்சு, கல்லு வைச்சுக் கட்டி, தண்ணிப் பரலுக்கை இறக்கிறது. கொஞ்சம் பச்சைச் சாணம். ஒவ்வொரு நாளும் சாக்கை இழுத்து அமத்திக் கலக்க வேணும், இல்லாட்டி நாறும். ரெண்டு கிழமையால இலை கரைஞ்சு போகும். அந்தத் தண்ணியை வெளிறின தேத்தண்ணி நிறம் வருமட்டும் ஐதாக்கிப் போட்டுத்தான் நாற்றுக்கு விடுறது. காய்ஞ்ச எடையில 3 சதத்துக்கு மேல தழைச்சத்து உள்ள இலை அது. வெல்லம் ஒரு துண்டும் இல்லை எண்டபடியா நீங்கள் சொல்லுற சர்க்கரைப் பிரச்சினையும் குறைவு.

---

ஓய்வுபெற்ற தோட்டக்கலை

அருமையான குறிப்பு. எங்கள் பக்கம் வேலியில் நிற்கிற கிளைரிசிடியாவை வெட்டி ஆட்டுக்குப் போடுவதோடு சரி. ஒரு சிறு எச்சரிக்கை: இலை அழுகும் கரைசலில் அமோனியா வாடை மூக்கில் ஏறினால் இன்னும் சில நாள் விட்டுவிடுங்கள். பழைய கோமியத்துக்கும் இதே விதி. இளம் வேரைச் சுடுவது பெரும்பாலும் அந்த அமோனியாதான்.

---

கரிசல்மேடு

யாழ்ப்பாணம் அண்ணாவுக்கு நன்றி. வேலியில் நாலு மரம் நிக்குது, செஞ்சு பாத்துடுறேன்.

என் பஞ்சகவ்யாவைப் பத்தியும் ஒரு சந்தேகம். கொடுமுடி மருத்துவர் நடராஜன் சொன்ன முறைதான். சாணமும் நெய்யும் பிசைஞ்சு மூணு நாள், அப்புறம் கோமியமும் தண்ணியும், பதினஞ்சு நாள் கழிச்சு பால், தயிர், இளநீர், வெல்லம், வாழைப்பழம். நெய் விலைக்குக் கட்டுப்படி ஆகாம ஊற வெச்ச கடலைப்புண்ணாக்கு போட்டேன். பரவாயில்லையா?

---

பச்சைத்துண்டு

நானும் கடலைப்புண்ணாக்குதான். ஒண்ணும் ஆகாது. பழைய முறையில கள்ளும் உண்டுங்க. நம்ம பக்கம் கள்ளுக்குத் தடை, அதனால வெல்லத்தை ஏத்திப் போட்டு சமாளிக்கிறோம்.

---

பனங்கூடல்

கள்ளு வேணுமெண்டா இஞ்சாலை வாங்கோ 😄 பனங்கள்ளு தாராளம். பரலுக்கு விடுறதுக்கு முதல் ஆக்களுக்குப் போகாமல் பாக்கிறதுதான் கஷ்டம்.

---

விதைப்பெட்டி (மதுரை)

ஈ.எம்.னு சொல்ற நுண்ணுயிர்க் கரைசல் பத்தி யாரும் பேசலையே? ஜப்பான்ல ஒகினாவாவுல இருக்கிற ரியூக்யூஸ் பல்கலைக்கழகத்துல தெருவோ ஹிகா 1980களில் கொண்டு வந்தது. லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா மூணும் கலந்தது. தாய்க்கரைசல் 1 லிட்டர், வெல்லம் 1 கிலோ, தண்ணி 18 லிட்டர், காத்துப் புகாம ஒரு வாரம். நான் நாத்துக்கு ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு விடுறேன்.

---

நாற்றுக்கொட்டகை

அந்த அளவில் கெடுதல் இல்லை, நல்லதும் கண்ணுக்குத் தெரியாது. காசு கொடுத்து வாங்கணும்னு அவசியம் இல்லைங்கிறது என் கருத்து. கேன் மூடியை தினம் ஒரு தடவை தளர்த்தி வாயுவை விடுங்க, மறந்தா கேன் உப்பி வெடிக்கும்.

---

விதைப்பெட்டி

கேன் விஷயம் உண்மை. கருத்து விஷயத்துல உடன்பாடு இல்லை, அதுக்குத் தனி இழை போடுறேன்.

---

கரிசல்மேடு

சரி, இப்போ முறைப்படி சொல்லுங்க நாற்றுக்கொட்டகை அண்ணா. மிளகாய்க்கு நாள் கணக்கோட.

---

நாற்றுக்கொட்டகை

என் கொட்டகையில் இயற்கை முறைன்னு தனியா கேட்டு வர்றவங்களுக்கு நான் செய்யறது இது. உங்க வெயில், தண்ணிக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்குங்க.

விதைக்கு பீஜாமிர்தம் போதும். சாணம் 5 கிலோ, கோமியம் 5 லிட்டர், சுண்ணாம்பு 50 கிராம், ஒரு பிடி மண், 20 லிட்டர் தண்ணி. ராத்திரி வெச்சு காலையில எடுங்க. உங்க விதை அளவுக்கு இதுல இருபதில் ஒரு பங்கே மிச்சம் விழும். மிளகாய் விதையை அதுல ஊறப் போட வேண்டாம், புரட்டி எடுத்து நிழல்ல உலர்த்துங்க. விதைச்சதும் தட்டுகளை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி பாலித்தீன் ஷீட் போட்டு மூடிடுங்க. ஆறாம் நாள்ல இருந்து தினம் காலையில தூக்கிப் பாருங்க. முளை தலைகாட்டின உடனே பிரிச்சு நிழல்வலைக்குள்ள பரப்பிடணும். ஒரு நாள் தாமதிச்சாலும் வெளிச்சம் தேடி நெட்டையா போயிடும். அப்படிப் போன நாத்தை எந்தக் கரைசலாலயும் குட்டையாக்க முடியாது.

பிரிச்சதில் இருந்து ரெண்டு நிஜ இலை விரியிற வரைக்கும் வெறும் தண்ணி. மிளகாய்க்கு இது விதைச்ச பதினெட்டு, இருபதாம் நாள் வாக்கில் வரும். நாத்து சின்னதா இருக்கேன்னு கை துறுதுறுக்கும், விட்டுடுங்க. அப்புறம் மீன் அமிலம் லிட்டருக்கு 3 மில்லி, வேர்ல இறங்குற மாதிரி, தட்டுக்கு ஒரு லிட்டருக்குள்ள. ஊத்தினதும் இலை மேல ஒட்டினது கழுவிப் போக லேசா நல்ல தண்ணி. ஒரு வாரம் விட்டு 5 மில்லி. அதுக்கடுத்த வாரம் பஞ்சகவ்யா 3 சதம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி, இலைவழியா ஒரே ஒரு தடவை. நைலான் துணியில ரெண்டு தடவை வடிகட்டுங்க, இல்லைன்னா நாசில் அடைச்சு உயிரை எடுக்கும். 500 மில்லி எல்லாம் நாத்துக்கு வேண்டாம்.

40 நாள் வாக்கில் நடவுக்கு வந்திடும். கடைசி ஒரு வாரம் எந்த ஊட்டமும் கிடையாது, தண்ணியும் குறைச்சு நிழல்வலையைக் கொஞ்சம் கொஞ்சமா விலக்குங்க. கடைசி வாரம் வரைக்கும் மீன் அமிலம் ஊத்தினா கருகருன்னு பாக்க அழகா இருக்கும், வயல்ல ரெண்டு வெயிலுக்குத் தாங்காது. அசுவினியும் இலைப்பேனும் அந்த இளசைத் தேடித்தான் வரும். மிளகாய்க்கு அதோட சேர்ந்து இலைச்சுருட்டையும் வந்துடும்.

முக்கியமா 80 தட்டுல ரெண்டு தட்டைத் தனியா வெச்சு அதுக்கு எதையும் ஊத்தாதீங்க. கரைசல் என்ன செஞ்சுச்சு, கலவை என்ன செஞ்சுச்சுன்னு அப்பதான் பிரிச்சுப் பாக்க முடியும்.

---

பச்சைத்துண்டு

ரெண்டு தட்டு விட்டுப் பாக்குறது நல்ல யோசனை. ஒத்துக்குறேன். கூட ரெண்டு தட்டு என் கணக்குப்படி ஜீவாமிர்தம் ஊத்திப் பாருங்க கரிசல்மேடு. முடிவை இங்கயே போடுங்க, எதுன்னாலும் ஏத்துக்கிறேன்.

---

மொட்டைமாடி மல்லிகா

கீரை நாத்துக்கும் இதே அளவா? கொத்தமல்லி, பாலக் எல்லாம் பச்சையா சாலட்ல போடுவோம்.

---

ஓய்வுபெற்ற தோட்டக்கலை

பச்சையாகத் தின்னும் எதன் இலையிலும் சாணக் கரைசல் தெளிக்காதீர்கள், அம்மா. சாணத்தில் மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் கிருமிகளும் இருக்கும், வெல்லம் அவற்றையும் வளர்க்கும். இரண்டு நாளில் தயாராகும் கரைசலில் அவை செத்துவிடும் என்று நம்ப இடமில்லை. கீரைக்கு நன்கு மக்கிய மண்புழு உரத்தை அடியில் போட்டால் போதுமானது.

---

கரிசல்மேடு

பச்சைத்துண்டு அண்ணனுக்கு ரெண்டு தட்டு ஒதுக்கியாச்சு. மக்கின நார்க்கழிவு பழனி ரோட்டுல ஒருத்தர்கிட்ட இருக்குன்னு சொன்னாங்க, நாளைக்குப் போய் கையில பிசைஞ்சு பாத்துட்டு எடுத்துட்டு வர்றேன். கடைசியா ஒண்ணு: நடும்போது வேரை பஞ்சகவ்யாவில் நனைக்கணுமா?

---

நாற்றுக்கொட்டகை

நனைக்கலாம். அதே 3 சதம், இருபது நிமிஷம். தட்டோட அடியை அகலமான தொட்டியில வெச்சா போதும், நாத்தைப் பிடுங்கி முக்க வேண்டாம், வேர்ல இருக்கிற கலவை உதிர்ந்துடும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நடுங்க. நார்க்கழிவு வாங்கும்போது மூட்டையோட அடிப்பக்கமும் கையை விட்டுப் பாருங்க, மேல மட்டும் மக்கினதைப் போட்டுக் கட்டி வெச்சிருப்பாங்க.